டெல்லி சுலப் கழிப்பறை அருங்காட்சியகம்: குழந்தையோடு போகிறவர்களுக்கு

டெல்லிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் போடும் பட்டியலில் செங்கோட்டை இருக்கும், குதுப்மினார் இருக்கும், இந்தியா கேட் இருக்கும். மஹாவீர் என்கிளேவ் என்ற பெயர் இருக்காது. தென்மேற்கு டெல்லியில், பாலம் – டாப்ரி சாலையில், குறைந்த செலவில் கழிப்பறை கட்டும் சுலப் இன்டர்நேஷனல் அமைப்பின் வளாகத்துக்குள் இருக்கிறது இந்தக் கழிப்பறை அருங்காட்சியகம். அந்த அமைப்பின் நிறுவனர் பிந்தேஷ்வர் பாடக் 1992-இல் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தை கூட இருந்தால், அரை நாளை இதற்கு ஒதுக்குவது நல்ல முடிவு. “ஆய் மியூசியம்” என்று சொன்னாலே அந்த வயதுப் பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெயர்பெற்ற பொருள்கள் எல்லாம் ஓர் அறைக்குள் இருக்கின்றன. ராஜாவின் சிம்மாசனம், புத்தகம் போன்ற கமோடு, படங்கள், நையாண்டிக் கவிதைகள் எல்லாம் அங்கேதான். அவற்றைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறவர்கள் பலர். அப்படித் திரும்பினால் பாதியைத்தான் பார்த்தீர்கள். பிளஷ் பண்ணினால் எங்கே போகிறது என்று எல்லாப் பிள்ளைகளும் ஒருநாள் கேட்பார்கள். அதற்கு அறைக்குள் பதில் இல்லை. வெளியே முற்றத்தில் இருக்கிறது. உங்களிடம் இருக்கும் நேரத்தை மூன்றாகப் பிரித்தால், ஒரு பங்கு அறைக்கு, இரண்டு பங்கு முற்றத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன் வீட்டிலேயே ஒரு பத்து நிமிட வேலை உண்டு. வெஸ்டர்ன் டாய்லெட்டின் பிளஷ் டேங்க் மூடியைக் கழற்றிக் குழந்தைக்கு உள்ளே காட்டுங்கள். தண்ணீர் வரும் வால்வு, அதோடு சேர்ந்த மிதவை, அடியில் தண்ணீரை அடைத்து வைத்திருக்கும் ரப்பர், தண்ணீர் அளவு மீறினால் வழிந்து போக நிற்கும் குழாய் என்று நான்கு பாகங்கள். கைப்பிடியைக் குழந்தையே அழுத்தட்டும். தண்ணீர் இறங்குகிறது, கூடவே மிதவை தாழ்கிறது, வால்வு திறக்கிறது. டேங்க் நிறையும்போது மிதவை ஏறி வால்வை மூடிவிடுகிறது. யாரும் கை வைக்காமல் தண்ணீர் தானே நின்றுவிடுவதைப் பார்த்த குழந்தை, அருங்காட்சியகத்தில் பழைய ஆங்கிலேய டாய்லெட் படங்களின் முன் நின்று தானே பாகங்களைத் தேடும். உங்கள் வீட்டு டேங்கில் ஓயாமல் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால், டேங்குக்குள் சமையல் கலர் சில சொட்டு விட்டு அரை மணி நேரம் யாரும் பிளஷ் பண்ணாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் வந்துவிட்டால், அடி ரப்பர் தேய்ந்திருக்கலாம், அல்லது தண்ணீர் வழிவுக் குழாயில் இறங்கிக்கொண்டிருக்கலாம். டேங்கில் தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். வழிவுக் குழாயின் வாய் வரை தண்ணீர் நின்றால் மிதவையைத் தாழ்த்த வேண்டும். மட்டம் அதற்குக் கீழே இருந்தால் ரப்பரை மாற்ற வேண்டும். குழந்தைக்கு இது துப்பறியும் விளையாட்டு.

இனி அறை. சுவர் நெடுகக் கால வரிசையில் பலகைகள். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய சிந்துவெளியில் கதை தொடங்குகிறது. லோதல், ஹரப்பா, மொஹஞ்சதாரோ ஊர்களில் செங்கல் வடிகால்கள் இருந்தன, வீட்டுக் குளியலறையின் தண்ணீர் தெரு வடிகாலில் போய்ச் சேர்ந்தது, இடையிடையே தூர்வாரக் குழிகளும் மூடிகளும் வைத்திருந்தார்கள். கீழடி அருங்காட்சியகத்துக்கு ஏற்கெனவே போய்வந்த பிள்ளையாக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கீழடி அகழாய்வில் சுடுமண் குழாய்கள் ஒன்றோடொன்று பொருத்தப்பட்ட நிலையில் கிடைத்தன, உறைகிணறுகளும் கிடைத்தன. இரண்டையும் சேர்த்து நினைக்க வைத்தால் அந்தப் பலகை உயிர் பெறும். இல்லாவிட்டால் பிள்ளைகள் இங்கே நிற்கவே மாட்டார்கள். அவர்கள் கண் சிம்மாசனத்தின் மேல் இருக்கும்.

அந்தச் சிம்மாசனம் பிரான்ஸ் அரசர் பதினான்காம் லூயியின் இருக்கையின் மாதிரி, அசல் கிடையாது. பார்க்க அரியணை, உட்காரும் பலகையில் ஓட்டை, அடியில் பாத்திரம். லூயி இப்படிப்பட்ட துளை நாற்காலியில் அமர்ந்தபடியே ஆட்களைச் சந்தித்துப் பேசுவது வழக்கம். அந்த நேரத்தில் உடன் இருக்க அனுமதி கிடைப்பதை அரசவையில் பெரிய கௌரவமாக எண்ணினார்கள். பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்தப் பாத்திரத்தை யார் எடுத்துக்கிட்டுப் போனாங்க?” அறையில் வேறு எதைத் தவறவிட்டாலும் இந்தக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். முற்றத்தில் பார்க்கப்போகும் எல்லாவற்றுக்கும் வழி இதுதான்.

பக்கத்தில் மரப்பெட்டி போன்ற ஒன்று உண்டு. பயணத்திலும் வேட்டையிலும் கூடவே தூக்கிச் சென்ற ஆங்கிலேயக் கமோடு. மூடியிருந்தால் நகைப்பெட்டி என்றுதான் தோன்றும். தடித்த புத்தகங்களை அடுக்கி வைத்தது போல் செய்த பிரெஞ்சுக் கமோடும் உண்டு. திறக்கும் வரை உள்ளே என்ன என்று தெரியாது. பூ வேலைப்பாடு செய்த பீங்கான் பாத்திரங்களும் வரிசையாக இருக்கின்றன. நான்கு வயதுப் பிள்ளைக்கு இவையே போதும். “இதுல எது டாய்லெட்டுன்னு கண்டுபிடி” என்று விட்டால் இருபது நிமிடம் ஓடும். காட்சிப் பொருள்களில் ஏறி உட்கார விடக்கூடாது என்பதை மட்டும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சிம்மாசனத்தைப் பார்த்ததும் ஏறத்தான் கால் தூக்குவார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு அறையின் முக்கியமான பகுதி பிளஷ் டாய்லெட்டின் வரலாறு. 1596-இல் ஜான் ஹாரிங்டன் என்பவர் முதலாம் எலிசபெத் ராணிக்காகத் தண்ணீர் டேங்க் வைத்த ஒரு கழிப்பறையை வடிவமைத்தார். தண்ணீர் கழிவை அடித்துச் சென்றது, நாற்றம் திரும்பி வந்தது. குழாய் நேராகக் கீழே குழிக்குப் போனால் காற்றும் நேராக மேலே வரத்தானே செய்யும்? ஏறத்தாழ 180 ஆண்டு கழித்து, 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி குழாயை ‘எஸ்’ எழுத்து போல வளைத்துக் காப்புரிமை வாங்கினார். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கழிவு அதைத் தாண்டிப் போகும், காற்று தாண்டி வராது. இன்று நாம் வீட்டுக்குள்ளேயே, சமையலறைக்கு ஒரு சுவர் தள்ளிக் கழிப்பறை வைத்துக்கொள்ள முடிகிறதென்றால் அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான் காரணம். 1778-இல் ஜோசப் பிராமா வால்வைச் சீர்திருத்தினார். பிளஷ் டாய்லெட்டைக் கண்டுபிடித்தவர் தாமஸ் கிராப்பர் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு, பிள்ளைகளும் எங்காவது படித்துவிட்டு வந்து சொல்வார்கள். அவர் 19-ஆம் நூற்றாண்டுக்காரர். லண்டனில் கடை வைத்து நல்ல தரத்தில் விற்றுப் பரப்பினார், சில மேம்பாடுகளுக்குக் காப்புரிமை வாங்கினார். கண்டுபிடித்தவர் அவர் இல்லை.

கழிவை எரித்துச் சாம்பலாக்கும் மின்சார டாய்லெட்டும் அறையில் உண்டு. தண்ணீரே வேண்டாத இடங்களுக்கானது. மற்றபடி பொம்மைகளையும் நையாண்டிப் படங்களையும் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

அறையின் குறை என்னவென்றால் பலகைகளில் எழுத்து மிக அதிகம், பெரும்பாலும் ஆங்கிலம். பத்து வயதுப் பிள்ளை தானாக நின்று படிக்காது. நீங்கள் படித்துத் தமிழில் சொன்னால்தான் உண்டு. எல்லாவற்றையும் படிக்க முயலாதீர்கள். சிந்துவெளி, லூயி, ஹாரிங்டன், கம்மிங் இந்த நான்கு மட்டும் போதும். இன்னொன்று: இந்தத் துறையில் வரலாறும் கேள்விப்பட்ட கதையும் கலந்தே புழங்கும், கிராப்பர் கதை போல. ஆண்டு போட்டிருக்கிறதே என்று எல்லாவற்றையும் பள்ளிப் புராஜெக்டில் அப்படியே எழுத வேண்டாம். எழுதும் முன் வேறொரு இடத்திலும் சரிபார்க்கட்டும். வழிகாட்டி இருந்தால் அவரோடு சுற்றுவது நல்லது. வந்ததும் “முற்றத்தையும் காட்டுவீர்களா, பயோகேஸ் அடுப்பைப் பார்க்க முடியுமா” என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் அறையோடு முடிந்துவிட வாய்ப்பு உண்டு.

முற்றத்துக்கு வருவோம். இங்கே இரட்டைக் குழிக் கழிப்பறையின் மாதிரிகள் வரிசையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. மூங்கில், செங்கல், ஓடு என்று மேல்கட்டு மாறும், வசதிக்கு ஏற்றபடி செலவு மாறும். கீழே உள்ள அமைப்பு ஒன்றுதான். பாடக் 1970-இல் சுலப் அமைப்பைத் தொடங்கியபோது அடித்தளமாக இருந்தது இந்த அமைப்புதான். குழந்தையைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் சங்கதி எல்லாம் தரைக்குக் கீழே.

கோப்பையின் சரிவு சாதாரண இந்தியன் டாய்லெட்டைவிடச் செங்குத்தாக இருக்கும், 25 முதல் 28 டிகிரி. அடியில் உள்ள வளைவில் தேங்கும் தண்ணீர் 20 மில்லிமீட்டர்தான். இந்த இரண்டும் சேர்வதால் ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றினாலே கழிவு போய்விடும். பழைய பெரிய பிளஷ் டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டரும் அதற்கு மேலும் இழுக்கும். தலையில் குடம் சுமந்து தண்ணீர் கொண்டுவரும் வீட்டில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு ஒன்றரை லிட்டர் பாட்டிலையும் ஒரு வாளியையும் காட்டினால் போதும்.

கோப்பையிலிருந்து வரும் குழாய் ஒரு சிறு தொட்டியில் ‘ஒய்’ வடிவில் பிரிந்து இரண்டு குழிகளுக்குப் போகிறது. எப்போதும் ஒரு கிளை அடைத்தே இருக்க வேண்டும். ஒரு குழி மட்டும் வேலை செய்யும். குழியின் சுவரில் செங்கற்களுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். அடிப்பகுதி வெறும் மண். தண்ணீர் அந்த இடைவெளிகள் வழியாக மண்ணில் இறங்கிவிடும், வாயுவும் மண்ணுக்குள்ளேயே பரவிவிடும். ஆகவே செப்டிக் டேங்குக்கு வைப்பது போல் காற்றுக் குழாய் இதற்குத் தேவையில்லை. ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமும் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழமும் உள்ள குழி சுமார் மூன்று ஆண்டு தாங்கும். நிறைந்ததும் அந்தக் கிளையை அடைத்து அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். நிறைந்த குழியை மூடி இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் உள்ளே இருப்பது மட்கி நாற்றமில்லாத எருவாகிவிடும். நோய்க்கிருமிகளில் கடைசி வரை சாகாமல் இருப்பது உருண்டைப் புழுவின் முட்டைதான். அதற்காகத்தான் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும். மட்கிக் காய்ந்த எருவை இங்கே வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். பார்க்கக் காய்ந்த மண்கட்டிதான், மூக்கருகே கொண்டுபோனாலும் வாடை வராது. பிள்ளைகள் முதலில் ஓடுவார்கள், பிறகு திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பார்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

இந்த அமைப்பு நாட்டில் லட்சக்கணக்கில் கட்டப்பட்டிருக்கிறது. கெட்டுப்போகும் இடங்களும் உண்டு. மாதிரியைச் சுற்றி நின்று பேச வேண்டியது அதைத்தான், மாதிரியில் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும் என்பதால். செலவை மிச்சம் பிடிக்க ஒரே குழி தோண்டிவிடுவது முதல் தவறு. அது நிறைந்ததும் உடனே காலி பண்ண ஆள் தேட வேண்டும், பச்சைக் கழிவில் கை வைக்க வேண்டும், திட்டத்தின் நோக்கமே போய்விட்டது. இரண்டு குழி தோண்டியும் ‘ஒய்’ தொட்டியில் அடைப்பு வைக்காமல் விடுவது அதைவிடப் பரவலான தவறு. இரண்டும் ஒன்றாக நிறையும், ஒன்றாகவே முட்டும். கொத்தனார் பழக்கதோஷத்தில் குழியின் உட்சுவரைச் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டால் தண்ணீர் இறங்காது, மாதக் கணக்கில் நிறைந்துவிடும். இரண்டு குழியையும் ஒட்டி ஒட்டித் தோண்டினால் வேலை செய்யும் குழியின் தண்ணீர் ஓய்வில் இருக்கும் குழிக்குள் கசிந்து, மட்க வேண்டியது மட்காது. நடுவே குறைந்தது ஒரு மீட்டர் வேண்டும். குளிக்கிற தண்ணீரையும் துணி துவைக்கிற தண்ணீரையும் இதே குழியில் விடுவது இன்னொன்று. நிலத்தடி நீர் மேலாக இருக்கும் ஊரிலும், கிணறோ கைப்பம்போ பக்கத்தில் இருக்கும் வீட்டிலும் மண்ணைப் பார்த்து, தூரத்தைப் பார்த்துத்தான் தோண்ட வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் கழிவுநீர் வேகமாக ஓடிக் கிணற்றைச் சேர்ந்துவிடும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் சொல்ல நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. திருச்சி மாவட்டம் முசிறியில் மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகச் சேர்க்கும் கழிப்பறைகள் கட்டப்பட்டன. சிறுநீர் உரமாகப் பயன்பட்டதால், பயன்படுத்துகிறவர்களுக்கே காசு கொடுத்த பொதுக் கழிப்பறை அங்கே இருந்தது. வேறு வழி, அதே நோக்கம்.

அடுத்தது பயோகேஸ். வளாகத்தின் பொதுக் கழிப்பறைக் கழிவு தரைக்கடியில் உள்ள கலத்துக்குப் போய், காற்றுப் படாமல் நொதித்து எரிவாயு ஆகிறது. பெரும்பகுதி மீத்தேன். ஒருவருடைய ஒரு நாள் கழிவிலிருந்து ஏறத்தாழ ஒரு கன அடி வாயு கிடைக்கும் என்பது சுலப் சொல்லும் கணக்கு. ஒரு வீட்டில் நான்கு பேரை வைத்துக்கொண்டு அடுப்பெரிக்க முடியாது என்று இதிலிருந்தே தெரிகிறது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வந்துபோகும் பொதுக் கழிப்பறையில்தான் இது கட்டுப்படியாகும். சுலப் 1974-இல் பாட்னாவில் கட்டணப் பொதுக் கழிப்பறையைத் தொடங்கியது, பிறகு அந்த முறை நாடெங்கும் பரவியது. அப்படிப்பட்ட இடங்களுக்கு இது பொருந்தும். அடுப்பு எரிவதைக் காட்டினால் கொஞ்சம் தள்ளி நின்று சுடரைப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு கேஸ் அடுப்பு போலவே நீலமாக எரியும், கழிவு நாற்றம் இருக்காது. கலத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை மணல், கரி, புறஊதாக் கதிர் என்று படிப்படியாகச் சுத்தம் செய்து செடிகளுக்கு விடுகிறார்கள். “எங்க போகுது” என்ற கேள்விக்கு இரண்டு முழுப் பதில்கள் கிடைத்தாகிவிட்டன: ஒன்றில் மண்ணாகிறது, இன்னொன்றில் தீயாகிறது.

யார் எடுத்துப் போனார்கள் என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இந்த வளாகத்தைவிட்டு வெளியே வருவது சரியில்லை. எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் மறைக்க வேண்டியதும் இல்லை. நம் நாட்டில் குழியில்லாத எடுப்புக் கழிப்பறைகளிலிருந்து மலத்தைக் கையால் வாரிக் கூடையில் சுமந்துபோகும் வேலையைச் சில சாதியினர் மேல், பெரும்பாலும் பெண்கள் மேல், தலைமுறை தலைமுறையாகச் சுமத்தி வைத்திருந்தார்கள். பிகாரில் வைதிகக் குடும்பத்தில் பிறந்த பாடக் சிறு வயதில் அப்படிப்பட்ட ஒரு பெண்ணைத் தொட்டுவிட்டார் என்பதற்காக, தீட்டுக் கழிக்க அவருடைய பாட்டி சாணத்தையும் மணலையும் கங்கை நீரையும் அவரை விழுங்க வைத்தார். பாடக் பின்னாளில் பலமுறை சொன்ன நிகழ்ச்சி இது. பிள்ளைகள் இதைக் கேட்டால் சட்டென்று அமைதியாகிவிடுவார்கள். ராஜஸ்தானின் அல்வரில் இந்த வேலையைச் செய்துவந்து, அதிலிருந்து வெளியே வந்த உஷா சௌமர் 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கதை தொடங்கி வைத்தவரோடு நின்றுவிடக் கூடாது, வேலையிலிருந்து எழுந்து வந்தவர்களிடமும் போய்ச் சேர வேண்டும். பாடக் 2023 ஆகஸ்ட் 15 அன்று காலமானார்.

இந்த அருங்காட்சியகத்தின் மீதுள்ள பெரிய மனக்குறை இங்கேதான். ராஜாவின் சிம்மாசனத்துக்கு அறையின் நடுவே கிடைத்திருக்கும் இடம், மலம் அள்ளிய மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை. தொழில்நுட்பம் வந்தது, பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணத்தோடு குழந்தை வெளியே வந்துவிடும். தீரவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும் 2013-இல் இன்னொரு கடுமையான சட்டமும் வந்தன. சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க 2014-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால் சாவுகள் நிற்கவில்லை என்றுதான் பொருள். தமிழ்நாட்டில் நம் வீடுகள் பலவற்றுக்கு அடியில் இருப்பது செப்டிக் டேங்க். அதற்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்ந்து நிற்கும், ஆக்சிஜன் இருக்காது, இறங்கியவர் சில நொடிகளில் மயங்கிவிடுவார், காப்பாற்ற இறங்குகிறவரும் மயங்குவார். நம் வீட்டு டேங்கை லாரி வைத்து உறிஞ்சத்தான் வேண்டும், ஆளை இறக்கவே கூடாது என்பதைப் பிள்ளை இந்த வயதிலேயே தெரிந்துகொள்ளட்டும். அருங்காட்சியகம் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். அது சொல்லும் வரை பெற்றோர் சொல்லலாம்.

போகும் வழி எளிது. மெட்ரோ மெஜந்தா லைனில் தசரத்புரி ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவிலோ இ-ரிக்‌ஷாவிலோ சுலப் பவன் என்று கேட்டால் கொண்டுபோய் விடுவார்கள். கனாட் பிளேஸ் பக்கம் தங்கியிருந்தால் ராஜீவ் சௌக்கில் புளூ லைன் பிடித்து ஜனக்புரி வெஸ்ட் வந்து மெஜந்தாவுக்கு மாறுங்கள், அங்கிருந்து இரண்டாவது ஸ்டேஷன். விமான நிலைய டெர்மினல் 1-இலிருந்து மூன்றாவது ஸ்டேஷன். சென்னைக்கோ மதுரைக்கோ மாலை விமானம் என்றால், ஊர் திரும்பும் நாளின் காலையை இதற்கு வைத்துக்கொள்வது வசதி. பெட்டிகளோடு போவதாக இருந்தால் வைக்க இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் நேரம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மாறும். ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் போவதாக இருந்தால் கிளம்பும் முன் போன் பண்ணிக் கேட்பது அவசியம். மே, ஜூன் மாதங்களில் காலையிலேயே போய்விடுங்கள். முற்றத்தில் நின்று நிதானமாகப் பார்க்க வெயில் விடாது. ஜனவரிக் காலைப் பனியில் போனால் முற்றத்தில் கைகால் விறைக்கும், பதினொரு மணிக்கு மேல் போகலாம். அதே நாளில் சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொண்டால் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் நாள் நிறைவாக இருக்கும். அது திங்கட்கிழமை விடுமுறை, அதனால் திங்களைத் தவிர்த்து நாள் வையுங்கள்.

ஊருக்கு வந்ததும், கம்மிங்கின் வளைவைப் பிள்ளை தன் கையாலேயே செய்து பார்க்கட்டும். ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வாங்கும் கண்ணாடி போன்ற டியூப் கிடைக்கும். அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை அகலம் உள்ளதாக ஒரு மீட்டர் வாங்குங்கள். அட்டையின் மேல் அதை ‘எஸ்’ போலப் படுக்க வைத்து நூலால் நாலைந்து இடத்தில் கட்டி, அட்டையைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மேல் வாயில் கலர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் கீழ் வளைவில் தேங்கி நிற்கும், மீதி வழிந்து போகும். இப்போது கீழ் வாயிலிருந்து மெல்ல ஊதச் சொல்லுங்கள். தேங்கிய தண்ணீர் காற்றை மறிக்கும், பலமாக ஊதினால்தான் குமிழியிட்டு வெளியே வரும். டியூப் மிக ஒல்லியாக இருந்தால் காற்று இடையில் சிக்கித் தண்ணீர் இறங்காது. தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினால் வளைவில் ஒரு சொட்டுகூட மிஞ்சாமல் எல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். இரண்டாவது நடந்தால் சோதனை தவறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். காற்றுக் குழாய் சரியில்லாத வீடுகளில் மாடியில் பிளஷ் பண்ணும்போது கீழ்வீட்டுப் பாத்ரூம் ‘களக் களக்’ என்று சத்தம் போட்டு நாற்றம் வருவதும் இதே காரணத்தால்தான். மேல் வளைவின் உச்சியில் ஊசியைச் சுட்டு ஒரு சிறு ஓட்டை போட்டுவிட்டு மறுபடி ஊற்றிப் பாருங்கள், தண்ணீர் தேங்கி நிற்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வீடு திறக்கும்போது பாத்ரூம் ஏன் நாறுகிறது என்று இப்போது பிள்ளையே சொல்லிவிடும்: வளைவுத் தண்ணீர் காய்ந்திருக்கும். கோப்பையிலும் தரைச் சல்லடையிலும் இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.